நெஞ்சளவு

மார்ச் விடுமுறைக்கு இன்னும் ஒன்பது கிழமை.
ஸ்கார்பரோவில் பனி வழிக்கிற வண்டி
எங்கள் வாசலில் ஒரு மலையைக் கட்டிவிட்டுப் போயிருக்கிறது.
சாப்பாட்டு மேசையில் மடிகணினி,
மடிகணினியில் பதினொரு தீவுகள்,
பதினொன்றுக்கும் ஒரே தென்னைமரம்.
கடல் பக்கம் சாய்ந்த அதே மரம்.
யாரோ அதை வாடகைக்கு விடுகிறார்கள் போல.

எனக்குத் தீவுகளை வேறு வழியில் தெரியும்.
விமான நிலையத்தில்
தொலைந்த பெட்டிகளுக்கான மேசையில்
ஆறு வருடமாக இருக்கிறேன்.
பிந்தி வந்த பெட்டியைத் தூக்கினால்
சில்லிலிருந்து மணல் உதிரும்.
இது வெள்ளை, இது தவிட்டு நிறம்,
இது கறுப்பு, எரிமலைத் தீவு.
பெயர் இல்லாத பெட்டியைத் திறந்து எழுதச் சொல்வார்கள்:
ஈரத்தோடு மடித்த நீச்சலுடை,
ஒற்றைச் செருப்பு,
பாதி தின்ற ரம் கேக்.
ஒருமுறை, யாரும் பிரிக்காத கலியாணப் பரிசு.
"எப்படி இருந்தது?" என்று கேட்பேன்.
தோலுரிந்த மூக்கோடு "சொர்க்கம்" என்பார்கள்,
பிறகு பெட்டிக்காக என்னைத் திட்டுவார்கள்.

ஆரணிக்குப் பதினேழு. தனி அறை வேண்டும்.
கிரிஷனுக்குப் பதினான்கு. வைஃபை வேண்டும்,
கடலுக்குள்ளும் வேண்டும்.
அவளுக்கு ஆமை. அவனுக்கு அலை,
ஆளை விழுத்துகிற அலை.
அவள் இறைச்சியை விட்டு நாலு மாதம்,
அவன் வேறெதையும் தொடுவதில்லை.
"எல்லாம் அடக்கம்" என்கிறது ஒரு விடுதி.
என் பிள்ளைகளைப் பார்க்காமல் எழுதியிருக்கிறார்கள்.

விலையை நான் பார்த்தேன்.
பள்ளிக்கூடம் பூட்டுவதற்கு முந்தின கிழமை ஒரு விலை,
பூட்டின கிழமை இரண்டு மடங்கு.
பிள்ளை பெற்றவர்களுக்கு வானத்திலும் வரி.

கமலநாதன் கரட் நறுக்கிக்கொண்டிருந்தார்.
"எங்க எண்டாலும் சரி."
எனக்குக் கோபம் வந்தது.
எங்க எண்டாலும் சரி என்கிற மனிதரோடு
நீங்கள் ஒரு சோபா வாங்கிப் பார்த்திருக்கிறீர்களா?

அப்போதுதான் ஆரணி,
போனிலிருந்து கண்ணை எடுக்காமல்:
"அப்பா சனிக்கிழமையில என்ர குளத்துக்கு வாறவர்.
பெரியாக்களின்ர வகுப்பு. ஆறு கிழமையா.
நான் காவல் கதிரையில மேல இருப்பன்.
ரெண்டு பேரும் தெரியாத ஆக்கள் மாதிரி."

கத்தி நின்றது.
அந்தத் துவாயை நான்தான் தோய்த்துப் போட்டேன்,
ஆறு தரம்.
குளோரின் மணத்துக்கு நான் என்ன நினைத்தேன்?
ஒன்றும் நினைக்கவில்லை.

"எவ்வளவு தூரம் வந்திட்டீங்கள்?"
"நெஞ்சளவு," என்றார் கரட்டைப் பார்த்து.
"அதுக்கு மேல கால் தானா நிலத்தைத் தேடுது."

கிரிஷன் மடிகணினியைத் தன் பக்கம் இழுத்தான்.
தென்னைமரங்களை ஒவ்வொன்றாக மூடினான்.
கடலாழ வரைபடம் ஒன்று எங்கிருந்தோ வந்தது,
நீலத்துக்குள் எறும்பு மாதிரி இலக்கங்கள்.
"இது நாலு மீற்றர். வேண்டாம்.
இது திடீரெண்டு இறங்குது. வேண்டாம்."
அலைக்காக ஒரு மணி நேரம் கத்தினவன்
அலையே இல்லாத ஒரு குடாவில் போய் நின்றான்.
"அப்பா, உங்கட உயரம் என்ன?"

அந்தத் தீவின் பெயரை எழுதமாட்டேன்.
விலை இன்னும் ஏறும்.
வைஃபை வரவேற்பறையில் மட்டும்.
ஆமை வந்தாலும் வருமாம்.
தனி அறை கிடையாது, ஆரணி ஒரு கிழமை கதைக்கமாட்டாள்.
பெட்டிகளுக்குச் சிவப்பு நாடா கட்டவேண்டும்.
தொலைந்தால்
எந்த மேசையில் போய் நிற்பது என்று எனக்குத் தெரியும்,
அந்த மேசையில் இருப்பவளையும்.

இரவு பதினொன்றரைக்குக் காசு கட்டினேன்.
வெளியே மறுபடியும் பனி.
குளியலறையில் தண்ணீர் நிரம்பும் சத்தம்,
பிறகு குழாய் மூடும் சத்தம்,
ஒரு பெரிய மூச்சு,
பிறகு ஒன்றுமில்லை.
கதவுக்கு வெளியே நின்று
நானும் எண்ணினேன்.
இருபத்தொன்று.