வியாழக்கிழமை கூப்பிடுகிறேன்

கெட்டில் ரிட்ஜில் ஆகஸ்ட் வந்தால்
மலைப்புல் முழுக்க வைக்கோலாகிவிடும்.
காற்று திசை மாறுவது முதலில் நாய்க்குத் தெரியும்,
அப்புறம் எனக்கு.

போன வருஷம் மலைக்கு அந்தப் பக்கம் எரிந்தது.
லிண்ட்க்விஸ்ட் வீட்டில் மிஞ்சியது
புகைபோக்கியும் ஒரு சலவை இயந்திரமும்.
தீநாக்கு அவர்கள் வாசலுக்கு வரவே இல்லையாம்.
வந்தது பொறி. நகக்கண் அளவு.
கூரைக்கடியில் காற்றுக்காக விட்ட துளை வழியே
சாவி வைத்திருப்பவன் மாதிரி
உள்ளே போயிருக்கிறது.

அன்றிலிருந்து என் வீட்டைப்
பொறியின் கண்ணால் பார்க்கிறேன்.
தேவதாருப் பலகைக் கூரை, வா என்கிறது.
மரத்தளத்து இடுக்கில் பைன் ஊசிகள், உட்கார் என்கின்றன.
துளைகள் பதினொன்று. எண்ணிவிட்டேன்.

மாட்டுத்தீவனக் கடையில் கணக்கு எழுதுகிறவள் நான்.
கூரை மாற்ற இருபத்தெட்டாயிரம் என்றான் ஒருவன்,
முப்பத்தொன்று என்றான் இன்னொருவன்.
என் சேமிப்பைச் சொன்னால்
இரண்டு பேருமே சிரித்திருப்பார்கள்.

உதவிப்பணம் இருக்கிறது என்று எல்லோரும் சொன்னார்கள்.
எங்கே என்றால் ஆளுக்கொரு திசையில் கை நீண்டது.
தபால் நிலையத்து பெர்னடெட், மாநிலம் தருகிறது என்றாள்.
மாநிலத்தின் தொலைபேசி, மாவட்டத்தைக் கேள் என்றது.
மாவட்டத்தின் தொலைபேசி பாட்டுப் பாடியது,
நாற்பது நிமிஷம், ஒரே பாட்டு.
தேவாலயத்தில் ஒருத்தி,
மைத்துனனுக்கு முழுக் கூரையும் இலவசம் என்றாள்.
மைத்துனன் எந்த ஊர் என்றேன்.
பேச்சை மாற்றினாள்.

பிறகு ஆரஞ்சு அங்கிக்காரன் வந்தான்.
கழுத்தில் அட்டை, அட்டையில் கழுகு.
"நூற்றுக்கு நூறு அரசாங்கப் பணம், மேடம்.
இன்றைக்கு முந்நூறு கட்டினால் பெயர் ஏறிவிடும்.
நாளைக்கு வந்தால் கிடையாது."
எல்லாக் கேள்விக்கும் அவனிடம் பதில் இருந்தது,
நான் கேள்வியை முடிப்பதற்கு முன்பே.
காசோலையை எடுத்தேன். மறைப்பானேன்.
தேதி எழுதினேன். யார் பெயருக்கு என்றேன்.
"காலியாக விடுங்கள், நானே போட்டுக்கொள்கிறேன்."
பத்தொன்பது வருஷம் கணக்கு எழுதிய கை
தானாக நின்றது.

வீடு பற்றிக்கொண்ட பிறகு
கிணறு வெட்டாதே என்பார்கள்.
சரி, முன்கூட்டியே வெட்ட வந்தவளுக்கு
ஊற்று எங்கே என்று காட்டுவார் யார்?

தீயணைப்பு நிலையத்தில் மதியம் ஒரே ஆள்.
வென்டெல் ஒச்சோவா, குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.
கேட்டேன். நெற்றியைத் தேய்த்தார்.
"தெரியவில்லை" என்றார்.
ஆறு வாரத்தில் ஒருவர் வாயிலிருந்தும் வராத வார்த்தை.
எனக்கு உட்கார வேண்டும்போல் இருந்தது.

"ஒரு திட்டம் இருந்தது.
உங்கள் ரோடு அதில் வருகிறதா,
பணம் மிச்சம் இருக்கிறதா, விசாரிக்கணும்.
வியாழக்கிழமை கூப்பிடுகிறேன்.
அதுவரை யாருக்கும் காசு கொடுக்காதீர்கள்.
என் பெயரைச் சொல்லி வந்தாலும்."

வியாழன், மாலை நாலு ஐம்பதுக்கு மணி அடித்தது.

நல்ல சேதி என்று சொல்லமுடியாது.
கூரைச் செலவில் பாதிதான்.
அதுவும் முதலில் நம் கைக்காசு,
பிறகு ரசீது, பிறகு காத்திருப்பு.
அவர்கள் வந்து பார்க்குமுன் ஒரு பலகையைப் பிரித்தாலும்
ஒரு செண்ட் கிடையாது.
அக்டோபரில் விண்ணப்பம்.
அலுவலக எண்ணைச் சொல்லிவிட்டு,
"நான் சொன்னதையும் சரிபாருங்கள்" என்றார்.

சரிபார்த்தேன். ஒரு தப்பு இருந்தது.
அக்டோபர் இல்லை, நவம்பர்.
அவரைக் கூப்பிட்டுச் சொன்னேன்.
கோபமில்லை. பென்சில் தேயும் சத்தம்.
"நன்றி, இன்னும் நாலு பேருக்குத் தப்பாகச் சொல்லியிருக்கிறேன்,
இப்போதே கூப்பிடுகிறேன்."

நவம்பருக்குள் ஒரு தீக்காலம் முழுசாக இருக்கிறது.
துளைகளுக்கு அந்த விதி இல்லையாம், அதையும் கேட்டுவிட்டேன்.
நெருக்கிப் பின்னிய கம்பிவலை, நாற்பத்திரண்டு டாலர்.
ரசீது பிஸ்கட் டப்பாவில்.
ஏழு துளைகளை அடைத்து எட்டாவதில் நிற்கிறேன்,
வாயில் மூன்று திருகாணி.

ஏணி உச்சியிலிருந்து
கீழ்த்தெரு முழுதும் தெரிகிறது.
ட்ரூடி ஹாஸ்கின்ஸ் வீட்டு வாசலில் ஆரஞ்சு நிறம்.
அவள் கைப்பையைத் தேடி உள்ளே போகிறாள்.

திருகாணிகளைத் துப்பினேன்.
இறங்கிக்கொண்டிருக்கிறேன்.