கிழக்கே ஆறு

பத்திரத்தில் இப்படித்தான் இருக்கிறது:
வடக்கே எத்திராஜ் மனை,
தெற்கே பொதுவழி,
மேற்கே மின்கம்பம்,
கிழக்கே ஆறு.
இந்த நாலு எல்லைக்குள் மூணேகால் சென்ட்.

எழுதினவருக்கு ஆறு என்பது ஒரு கோடு,
திருவொற்றியூர் பதிவு ஆபீஸ் வாசலில்
ஸ்கேல் வைத்துப் போட்டது.

சடையங்குப்பத்தில் கொசஸ்தலை வளைகிற இடம் எங்களுடையது.
வளைவின் வெளிப்பக்கம்தான் தண்ணிக்கு வேகம் என்று
அப்போது எனக்குத் தெரியாது.
தவணை வாங்க வந்தவனுக்குத் தெரிந்திருக்கும்.

அது மேலே தொடாது.
அடியில் நக்கும்.
முதலில் ஒரு கை நுழைகிற குடைவு,
பிறகு ஆள் குனிந்து நுழையலாம்.
மேலே புல் பச்சையாகவே நிற்கும்,
கொழுந்தன் டில்லிபாபு அதன்மேல்தான் பைக் நிறுத்துவான்.
ஒரு ராத்திரி, மழைகூட இல்லை,
தொப்பென்று
குளியலறை போய்விட்டது.
கதவு மட்டும் நின்றது,
தாழ்ப்பாள் போட்டபடி.

பூண்டியில் திறந்துவிட்ட வருஷம்
முருங்கை, இரண்டு தென்னை, செப்டிக் டேங்க்.
வெள்ளம் வடிந்து பார்த்தால்
டேங்கின் உறைகள் ஆற்றுக்குள் நிற்கின்றன,
யாரோ கிணறு வெட்டியதுபோல.
"ஆத்துக்கே நாமதான் பாத்ரூம் கட்டிக் குட்த்துக்கீறோம்" என்றான் டில்லிபாபு.
சிரித்தோம். வேறென்ன செய்ய.

எதிர்க்கரையில் மண் வளர்கிறது.
நாணல் வந்தாயிற்று, எருமை மேய்கிறது.
அதில் எங்களது எவ்வளவு?

சர்வேயர் குணசீலன் டேப்பின் ஒரு முனையை
என் கையில் கொடுத்து
மறுமுனையோடு நடந்தார்.
விளிம்புக்கு இரண்டடி முன்பே நின்றுகொண்டார்.
ஒண்ணே முக்கால், என்றார்.
மிச்சம் சார்?
எண்ணூர் முகத்துவாரம் பக்கமாகக் கையை ஆட்டினார்.
அங்கே ட்ரெட்ஜர் இரவும் பகலும் வாரிக்கொட்டுகிறது,
சாம்பலும் சேறும் கலந்து.
அதில் என் வாசல் எந்த வாளியில் போனதோ.

ரசீதில் இன்னும் மூணேகால்.
கட்டுகிறேன். விட்டால்
தண்ணிகூட நம்முடையதில்லை என்பார்கள்.

பத்திரத்தில் பொய் ஒன்றும் இல்லை.
கிழக்கே ஆறுதான்.
எவ்வளவு கிழக்கே என்று
எழுதினவரும் எழுதவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

இன்று காலை மின்கம்பத்திலிருந்து
அடிமேல் அடி வைத்து அளந்தேன்.
முப்பத்தொன்று.
போன மாசம் முப்பத்திமூணு.

செருப்பு புதுசு. கொஞ்சம் நீளம்.
அதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.