ஆறாம் நம்பர் மலையில் கூட்டம்

இதுவரை இந்தக் கொப்பியில் எழுதியவர்
தலைவர் மச்சக்காளை. நல்ல கையெழுத்து.
பன்னிரண்டு பக்கம் புரட்டிப் பார்த்தேன்.
ஒவ்வொரு கூட்டத்தின் அடியிலும் ஒரே வரி:
'மாதர் எவரும் சமூகமளிக்கவில்லை.'

கூட்டம் மாலை ஆறரைக்கு, கோயில் மடத்தில்.
ஆறரைக்கு நாங்கள் எங்கே இருப்போம் என்று
கொப்பியில் இல்லை.
பீலியடியில் ஏழாவது குடமாக ஒருத்தி.
பச்சை விறகை ஊதி ஊதிக் கண் சிவந்து ஒருத்தி.
ரொட்டி மா ஒட்டிய விரலால்
மகனின் வாய்ப்பாட்டைப் பிடித்தபடி நான்.

மே தினத்துக்கு மட்டும் வெள்ளனவே லொறி வரும்.
ஒரே கலரில் சேலை கொடுத்து
நோர்வூட் டவுனில் முன்வரிசையில் நிறுத்துவார்கள்,
படத்துக்கு.
அன்றைக்கு நான் மாதர் அணித் தலைவி.
மறுநாள் பெரட்டுக்களத்தில்
செக்ரோல் நானூற்றுப் பதினேழு.

சந்தாக் காசு மட்டும் ஒரு மாதமும் தவறியதில்லை.
சம்பளத் துண்டில்
எங்களுக்கு முன்னால் போய் அது சமூகமளித்துவிடும்.

பிறகு அந்தச் செவ்வாய்க்கிழமை.
சந்தனமேரியின் கொழுந்து தராசில் இருபத்தொன்று.
கணக்கப்பிள்ளை எழுதியது பதினேழு.
பதினெட்டு இல்லையென்றால் அரைப்பேர்.
"தண்ணிக்கும் சாக்குக்கும் நாலு கிலோ."
மழை பெய்து நாலு நாளாகியிருந்தது.

அவள் சண்டை போடவில்லை.
கொழுந்தை முழுதும் படங்கில் கொட்டினாள்.
சாக்கை உதறினாள், ஒரு இலை கூட இல்லாமல்.
வெறும் சாக்கைத் தராசில் மாட்டிவிட்டுத்
தள்ளி நின்றாள்.

முள் கொஞ்சமாக அசைந்தது,
தூக்கத்தில் புரள்கிறவன் போல.
அரைக் கிலோவுக்கும் இந்தப் பக்கம்.
"இன்னொருக்கா பாருங்க அய்யா,
நான் படிக்காதவ."

யாரும் சிரிக்கவில்லை.
காற்றில் சாக்கு ஆடிக்கொண்டே இருந்தது.

தலைவர் சொன்னார், "பொறுங்க,
நான் தொரைகிட்ட பேசுறேன்."
போன தீபாவளி அட்வான்சுக்கும்
அவர் இப்படித்தான் பேசிக்கொண்டிருந்தார்.
"பேசுங்க. மொதல்ல எங்ககிட்ட பேசிட்டுப் போங்க.
மடத்துல இல்ல. மலையில.
பத்து மணித் தேத்தண்ணிக்கு வாங்க."
சொன்னது நான்தானா என்று
எனக்கே கொஞ்ச நேரம் விளங்கவில்லை.

வந்தார்கள், கமிட்டி ஆட்கள் ஐந்து பேர்,
ஆறாம் நம்பர் மலைக்கு, மூச்சு இரைக்க.
பொருளாளரின் வெள்ளைச் சாரத்தில் இரண்டு அட்டை.
மடியிலிருந்த சவர்க்காரத் துண்டை
யாரோ எடுத்து நீட்டினார்கள்.
தேத்தண்ணியும் கொடுத்தோம்,
எங்கள் போத்தலில் இருந்தது அவ்வளவுதான்.

கழிவுக் கிலோவைப் பற்றிப் பேசினோம்.
பிறகு, ஆண்கள் புல்லைப் பார்த்துக்கொண்டிருக்க,
மலையில் கக்கூஸ் இல்லாததைப் பேசினோம்,
தூரமான நாளில் துணி மாற்ற
எந்தப் பாறைக்குப் பின்னால் போகிறோம் என்பதையும்.
"இதையெல்லாம் எப்படிம்மா எழுதுறது?" என்றார் தலைவர்.
"சொன்ன மாதிரியே எழுதுங்க," பின்னாலிருந்து ஒரு குரல்.
அவர் பேனாவை மூடினார்.

மூடிய பேனாவை நான் கேட்டு வாங்கினேன்.

என் எழுத்து கோணல்.
கொழுந்துக் கறை பக்கத்தின் ஓரத்தில் இருக்கிறது,
மன்னிக்கவும்.

தீர்மானம்: சாக்குக்கு அரைக் கிலோ.
மேலே ஒரு கிலோ வெட்டினாலும்
அன்றைய கொழுந்து படங்கிலேயே கிடக்கும்.
ஆதரவு நாற்பத்து மூன்று கை.
துணி சுற்றிய விரல்களையும் எண்ணினேன்.
கங்காணி விசில் ஊதிவிட்டதால்
நன்றியுரை இல்லை.

சமூகமளிக்காதவர்:
பிள்ளைக்காம்பராவுக்குப் பால் கொடுக்கப் போன மேகலா.
அவளுக்கும் சேர்த்து
நான் இன்னொரு கையைத் தூக்கினேன்.
அது முறையில்லை என்றார் தலைவர்.

அதையும் எழுதிக்கொண்டேன்.