ஒன்றாக்கு

டுலூத், பிப்ரவரி ஒன்பது.
துறைமுகம் உறைந்து ஏழு வாரம்.
நள்ளிரவில் இரண்டு கடைகளை
ஒரு கடையாக்கினார்கள்.
எட்டு மணிக்கு நான் வந்தபோது
ஆறாயிரத்துச் சொச்சம் கடிதங்கள்,
மேசையில் ஒரு டப்பா டோனட்,
மூடியில் மேல்மாடிக்காரர்களின் வாழ்த்து.

தாளில்லை, தூசியில்லை, கதவுமில்லை
அந்தக் கடைகளில்.
செம்பு லாந்தரில் பழைய ஆட்ட நூல்கள்,
ஏழாம் மதகில் புதியவை.
பகடை உருட்டிப் பூதம் கொல்பவர்கள்
இரண்டிலும் வாங்கினார்கள்:
நாலு டாலருக்கு ஒரு நிலவறை,
ஒன்றரை டாலருக்கு ஒரு சாபம்.

முதல் கடிதம் ஆரின் ஹால்வோர்சன்.
பழைய கணக்கில் மிச்சம் பதினேழு சென்ட்,
இப்போது பதினாறு.
"காசைக் கேட்கவில்லை,
கணக்கைக் கேட்கிறேன்."
கடைசி வரியின் கீழே கோடு.

கூடைச் சின்னம் ஊதாவாகிவிட்டதென்று
ஒருவர் நாலு பத்தி.
தான் எழுதிய மதிப்புரைகள் எங்கே,
பதினொரு வருடம், இருநூற்று ஆறு,
ஒன்றுகூடத் தன்னிடம் நகலில்லை என்று
இன்னொருவர், இரண்டே வரி.

பாலத்துக்கு அக்கரை சுப்பீரியரிலிருந்து
டெல்பர்ட் நீமி:
வேலை பார்க்கும் பல் மருத்துவமனையில்
இரவோடிரவாக
முன்னூற்றுப் பன்னிரண்டு பிடிஎஃப்களையும்
அச்சடித்துவிட்டாராம்.
"நாளை உங்களையும் எவனாவது வாங்குவான்.
அன்றைக்கு என் அரக்கர்கள்
என் கட்டிலடியில் இருப்பார்கள்."

தயார் பதில்கள் பதினொன்று தந்திருந்தார்கள்.
'உங்கள் உணர்வு எங்களுக்குப் புரிகிறது'
என்பது மூன்றாவது.
மதியச் சாப்பாட்டுக்குள்
எண்பது பேரை மூன்றாவதால் புரிந்துகொண்டேன்.
டெல்பர்ட்டுக்கு எதுவும் பொருந்தவில்லை.

ஸ்வான்சீயிலிருந்து லியோரா பிரிட்சார்ட்,
'உப்புக் கிணறு' எழுதியவர், பன்னிரண்டு பக்கம்.
அங்கே இருபத்திரண்டு பிரதி, இங்கே பத்தொன்பது
என்று விற்றிருந்தது.
"இரண்டு இடத்திலும் யாருமில்லாமல் இருந்தேன்.
நாற்பத்தொன்று என்று ஒரே எண்ணாகப் பார்க்கையில்
சின்னக் கூட்டம் போல இருக்கிறது. நன்றி."
அன்றைக்கு வந்த ஒரே நன்றி.
அச்செடுத்து
இழுப்பறையில் வைத்துக்கொண்டேன்.

பிறகு, மூன்று மணிக்கு, மார்னி ஓஸ்டர்பர்க்.
ஃபார்கோ.
அவளும் கேலும் செம்பு லாந்தரில்
ஒரே முகவரியில் வாங்கிக்கொண்டிருந்தார்கள்.
பிரிந்த பின் அவள் மதகுக்குப் போனாள்.
பழைய முகவரியை
ஏதோ ஓர் ஓரத்தில் அழிக்காமல் விட்டிருந்தாள்.
எந்திரம் அதைப் பிடித்துக்கொண்டது:
இருவரும் ஒருவரே.

"விவாகரத்துக்குப் பதினாலு மாதம்,
வக்கீலுக்கு ஒன்பதாயிரம்.
நீங்கள் ஒரே ராத்திரியில், இலவசமாக,
சேர்த்து வைத்துவிட்டீர்கள்.
என் அலமாரியில் இப்போது
அவன் இந்த வருடம் வாங்கியவை நிற்கின்றன.
பதினாறு. எல்லாமே
ஒற்றை ஆள் ஆடும் ஆட்டங்கள்.
இது எனக்குத் தெரிந்திருக்க வேண்டாம்.
பிரித்துவிடுங்கள்."

என் திரையில்
'ஒன்றாக்கு' என்று ஒரு பொத்தான் உண்டு.
பக்கத்தில் வேறெதுவும் இல்லை.
மேல்மாடிக்கு எழுதினேன்.
அப்படியொரு தேவை வருமென்று
யாரும் நினைக்கவில்லை என்றார்கள்,
வெள்ளிக்குள் பார்க்கலாம் என்றார்கள்.

அவளுக்கு அதைச் சொன்னேன்,
மூன்றாவதைத் தொடாமல்.
ஐந்து நிமிடத்தில் பதில்:
"வெள்ளி என்றால் வெள்ளி.
அதில் ஒன்று, கலங்கரை விளக்கக்காரன் ஆட்டம்,
இறக்கிப் பார்த்துவிட்டேன்.
அவனுக்குத் தெரியுமா?"
தெரியாது என்று எழுதினேன்.
எனக்கே தெரியாது.

வெளியே நாலே முக்காலுக்கு இருட்டு.
பனி அள்ளும் லாரி
தெருவின் இரண்டு ஓரத்துக் குவியலையும்
நடுவில் கொண்டுவந்து கொட்டிக்கொண்டிருந்தது.

கிளம்பும் முன் ஆரினின் காசைத் தேடினேன்.
எங்கோ ஒரு பின்னத்தில் உதிர்ந்திருந்தது.
ஒன்றுக்கு இரண்டாகப் போட்டு
மன்னிப்பும் கேட்டேன்.

கோட்டுப் பொத்தானைப் போடுவதற்குள் பதில்:
"இப்போது பதினெட்டு.
ஒன்று அதிகம்.
தயவுசெய்து விளக்கவும்."