பன்னிரண்டாவது செருகி

ஜூலையில் புன்டா அரேனாஸில்
காலை பத்து மணிக்குத்தான் விடியும்.
விடிவதற்குள் மூன்று முறை போன் செய்துவிட்டார்
துறைமுக அலுவலகத்து எவரிஸ்டோ ஓயார்சூன்:
"திறக்கிறது, மூடிக்கொள்கிறது. திறக்கிறது, மூடிக்கொள்கிறது.
ஜன்னலைச் சொல்லவில்லை, பிரவுசரைச் சொல்கிறேன்."

காற்று என்னை முதுகில் கைவைத்துத் தள்ளிவந்து
அவர் வாசலில் விட்டது.
கடைசியாக என்ன மாற்றினீர்கள் என்று கேட்டேன்.
ஒன்றுமில்லை என்றார்.
பதினாறு வருடமாக இந்த வேலை பார்க்கிறேன்.
ஒன்றுமில்லை என்று சொல்லாத ஒருவரை
இன்னும் சந்திக்கவில்லை.

தற்காலிகக் கோப்புகளைத் துடைத்தேன். விழுந்தது.
புதிய பதிப்பை ஏற்றினேன்.
விழுந்தது, முன்னைவிடச் சுறுசுறுப்பாக.
செருகிகள் எல்லாவற்றையும் அணைத்துவிட்டுத் திறந்தேன்.
நின்றது,
தலைக்குக் குளித்துவிட்டு வந்த பிள்ளைபோல.

ஆக, பன்னிரண்டில் ஒன்று.
ஆறை அணை, ஆறை விடு.
விழுந்தால் விட்டதில் இருக்கிறது,
நின்றால் அணைத்ததில்.
பேன் பார்ப்பதுபோல
வகிடெடுத்து வகிடெடுத்துத் தேடும் வேலை.
எவரிஸ்டோ மாத்தே குடுவையை நீட்டினார்,
என் முகத்தைப் பார்க்காமல்.

அகப்பட்டது.
பெயர்: சொல்லழிப்பான்.
கொடுத்த சொல்லை எந்தப் பக்கத்தில் கண்டாலும்
இருந்த இடம் தெரியாமல் துடைக்கும்.
பட்டியலில் ஒரே ஒரு சொல்.
பிளாங்கா.

எங்கள் மொழியில் அதற்கு வெள்ளை என்று பொருள்.
ஒரு பெண்ணின் பெயரும்கூட.
மார்ச் மாதம் நீரிணைக்கு அக்கரையில்
போர்வெனீருக்குப் படகேறிப் போனவளின் பெயர்.
டிக்கெட்டில் முத்திரை குத்தியவர் இவரேதான் என்பார்கள்.
நான் கேட்கவில்லை.

கருவிக்கு என்ன தெரியும், பாவம்.
வேறு பக்கங்களைத் திறந்து பார்த்தேன்.
வானிலைச் செய்தியில்
பனியின் நிறத்தை எடுத்திருந்தது.
பெயின்ட் கடைப் பக்கத்தில்
விலை இருந்தது, எதன் விலை என்பது இல்லை.
காசாபிளாங்கா வைன் விளம்பரத்தில்
பின்பாதியைத் தின்றுவிட்டுக்
காசாவை மட்டும் மிச்சம் வைத்திருந்தது:
வீடு. வெறும் வீடு.

அதையெல்லாம் தாங்கிய பிரவுசர் தாங்காதது
கலங்கரை விளக்குகளின் பட்டியல்.
தினமும் அவருக்கு முதலில் திறக்கும் பக்கம் அதுதான்.
எந்த விளக்கு, என்ன நிறம், எத்தனை நொடிக்கு ஒருமுறை.
வரிக்கு வரி பிளாங்கா.
செருகி அழிக்கும்.
கட்டம் காலியாய்க் கிடப்பதைக் கண்டு
பக்கம் திரும்ப எழுதும்.
இது அழிக்க, அது எழுத,
இது அழிக்க, அது எழுத,
நொடிக்குள் ஆயிரம் தடவை,
நினைவகம் நிரம்பி
எல்லாம் சாத்திக்கொள்ளும்.

விளக்கிச் சொன்னேன். தலையாட்டினார்.
பிறகு,
"ஆள் பெயர் பெரிய எழுத்தில்தானே தொடங்கும்?
அதை மட்டும் அழிக்கச் சொல்ல முடியாதா?"

முடியும். அதற்கென்று ஒரு சின்னக் கட்டம் உண்டு.
டிக் அடித்தேன்.
விழுந்தது.
பட்டியலில் எல்லா நிறங்களும்
பெரிய எழுத்தில்தான் தொடங்குகின்றன.
கடற்படைக்காரர்களின் வழக்கம், நாம் என்ன செய்ய.

இந்த ஒரு பக்கத்தை மட்டும் விட்டுவிடச் சொல்லலாம்
என்று நான் ஆரம்பிக்கும்போதே
மௌஸை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.
அவர் அழுத்தியது 'நீக்கு' பொத்தானையா,
'தற்போதைக்கு அணை' பொத்தானையா
என்று நான் எட்டிப் பார்க்கவில்லை.
பையிலிருந்து ரசீதுப் புத்தகத்தை எடுத்து
கோளாறு என்ற இடத்தில் 'செருகி முரண்' என்றும்
நேரம் என்ற இடத்தில் நாற்பது நிமிடம் என்றும் எழுதினேன்.

மணி பத்து ஆகிவிட்டது.
நண்டுப் படகுகள் ரேடியோவைத் திறந்துவைத்துக்
காத்திருக்கும் நேரம்.
கையெழுத்து வாங்க நான் நின்றுகொண்டிருந்தேன்.
அவர் மைக்கை இழுத்துத் தொண்டையைச் செருமினார்.

"முதல் விளக்கு. பிளாங்கா. பத்து நொடிக்கு ஒருமுறை.
இரண்டாவது. பிளாங்கா. ஐந்து நொடிக்கு ஒருமுறை.
மூன்றாவது, சிவப்பு."
கொஞ்சம் மூச்சு விட்டுக்கொண்டார்.
"நான்காவது.
பிளாங்கா.
விட்டு விட்டு."