எடைமேடை, வாளையார்

காலியா, லோடா?
வாய்ப் பழக்கத்தில் கேட்டுவிட்டேன்.
இரவு இரண்டரை.
தவிட்டு லாரி இறங்கி, நாமக்கல் முட்டை லாரி ஏறுமுன்
அறுபது டன் மேடையின் நட்டநடுவில்
செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிறான்
என் அண்ணன் நாச்சிமுத்து.

சூலூரில் இருந்தபோது
ஒரு திருப்பத்தில் ஐந்நூறு கிலோ இருந்தான்.
முதலில் நிறங்கள் போகும், அப்புறம் ஓரங்கள் என்பான்.
பிறகு சோதனை விமானங்கள்.
எஞ்சின் அணைந்த பதினொரு நொடியை
அம்மாவிடம் சொல்லாதே என்றான்; சொல்லவில்லை.
பிறகு விண்வெளிக்குத் தேர்வு, பனிநாட்டுப் பயிற்சி.
விழுகிற விமானத்துக்குள் இருபத்தைந்து நொடி
எடையே இல்லாமல் இருந்தான்.
சட்டைப் பொத்தான் ஒன்று மூக்கருகே மிதந்ததை
போனில் மூன்று தரம் சொன்னான்.

செவ்வாயன்று ராக்கெட் போயிற்று.
மாற்று ஆளுக்கும் அதே உடுப்புதான்,
அளவெடுத்துத் தைத்து, பெயர் பொறித்து.
அதைப் போட்டுக்கொண்டு படி வரைக்கும் போனான்,
மற்றவர்களுக்குக் கை காட்டினான்,
கழற்றிக் கொடுத்தான்.

திரையில் எழுபது.
இந்த மேடை பத்துப் பத்தாகத்தான் தாவும்.
மிச்சம் இரண்டோ மூன்றோ அதற்குத் தெரியாது.
போதாததற்கு ஆடி, கணவாய்க் காற்று;
ஆளில்லாதபோதே சில ராத்திரி பத்து காட்டும்.

"சீட்டு வேணும், பாப்பா."

வண்டி எண் கட்டத்தில் என்ன அடிப்பது?
முட்டை லாரிக்காரன் ஹாரனை விடாமல் அழுத்துகிறான்.
அண்ணன் இறங்கவில்லை.

"லோடுன்னே போடு."