பன்னிரண்டும் பன்னிரண்டும்

டெல்பர்ட் கடையில் மண்புழுவும் கிடைக்கும்,
பேட்டரியும் கிடைக்கும்.
"காருக்கு வைப்பது வேண்டாம்" என்றான்.
"அது ஒரே உதையில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டுத்
தூங்கிப்போகும்.
உங்களுக்கு வேண்டியது தடித்த தகடு,
நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கிற குணம்."
ஆர்டிஸ் என் பக்கம் திரும்பினாள்:
"அப்படி ஒருத்தனைத்தான் நானும் தேடினேன்."

லித்தியமும் இருந்தது. பாதி எடை, மூன்று மடங்கு விலை.
விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்தோம்,
திரும்பவும் குப்புற வைத்தோம்.

ஈயம்தான். ஒவ்வொன்றும் அறுபது பவுண்டு.
ஒரே கம்பெனி, ஒரே மாதத்துச் சிட்டை.
ஒன்றுக்கு அக்கா பணம், ஒன்றுக்கு என் பணம்.
"புதியதைப் பழையதோடு பூட்டாதீர்கள்.
பழையதற்கு இளமை திரும்பாது,
புதியதுதான் கிழடு தட்டும்."
இதைச் சொன்னவனும் டெல்பர்ட்தான்,
மூன்றாம் மனைவியோடு இருப்பவன்.

அணியத்து மோட்டாருக்கு இருபத்துநாலு வோல்ட்.
இதன் நேர்முனையிலிருந்து அதன் எதிர்முனைக்கு
விரல் தடிமனில் ஒரு கறுப்புக் கம்பி.
ஆறு கோடை அதிலேயே ஓடியது.
நாணல் ஓரமாக, பெர்ச் மீனுக்குக்கூடத் தெரியாமல்
நழுவிப் போவோம்.
பாதிக்குமேல் உறிஞ்சியதில்லை.
கரையேறியதும் முதலில் சார்ஜர்,
பிறகுதான் எங்களுக்குச் சாப்பாடு.

ஏழாவது இலையுதிர்காலத்தில்
அப்பாவின் ஏரிக்கரை நிலத்தைப் பற்றிப் பேச்சு வந்தது.
விற்கலாம் என்றாள்.
நான் சொன்னதை இங்கே எழுத மாட்டேன்.
மறுநாள் காலை படகின் பின்பக்கம்
சதுரமாக ஒரு காலி இடம்.
தன்னுடையதைத் தூக்கிக்கொண்டு
இஷ்பெமிங்குக்குப் போயிருந்தாள்.
கறுப்புக் கம்பி மட்டும்
இருக்கைமேல், ஒழுங்காகச் சுருட்டி.

பன்னிரண்டு வோல்ட்டுக்கு அந்த மோட்டார்
முனகக்கூட இல்லை.

குளிர்காலம் முழுக்க, மாதம் ஒருமுறை,
கராஜில் மூடிகளைத் திறந்தேன்.
காய்ச்சி வடித்த நீர் மட்டும்.
எங்கள் குழாயில் வருவது பாதி இரும்புச் சுரங்கம்.
தகடு முழுகும் அளவு முன்னால்,
மீதி, சார்ஜ் ஏறிய பின்னால்.
முனையில் பூத்த வெள்ளைப் பொடியைச்
சமையல் சோடா போட்டுத் தேய்த்தேன்.
கான்கிரீட் தரை சார்ஜைக் குடித்துவிடும் என்பது பழங்கதை,
நன்றாகத் தெரியும்.
ஆனாலும் அடியில் ஒரு பலகை போட்டிருந்தேன்.

"உன் பாதி மட்டும் பிழைத்து என்ன செய்யப்போகிறது?"
என்றான் கெர்மிட், என் கணவன்.
ஹைட்ரோமீட்டரில் மிதவை ஏறுவதைப்
பார்த்துக்கொண்டிருந்தேன், பதில் சொல்லவில்லை.

ஜனவரியில் மைனஸ் இருபத்தாறு.
காலியான பேட்டரி இந்தக் குளிரில்
உறைந்து வயிறு வெடிக்கும்.
நிறைந்தது உறையாது.
படுக்கையில் கிடந்து யோசித்தேன்:
சார்ஜர் என்னிடம் அல்லவா இருக்கிறது.

மே மாதம், ஏரியில் கடைசிப் பனித்தட்டு கரைந்த வாரம்,
அவள் வேன் வந்து பின்கதவு திறந்தது.
நிலத்தைப் பற்றி அவள் பேசவில்லை, நானும்.
"இடுப்பு சரியில்லை, ஒரு பக்கம் பிடி."

மல்டிமீட்டர் என் கோட்டுப் பையிலேயே இருந்தது.
அவள் பார்க்கப் பார்க்கவே வைத்தேன்,
சிவப்பைச் சிவப்பில், கறுப்பைக் கறுப்பில்.
பன்னிரண்டு புள்ளி ஏழு.
மூடியைத் திறந்தேன்.
தகடுகளுக்குமேல் தெளிந்து நின்ற நீரில்
என் மூக்கு தெரிந்தது.

"சார்ஜர் வாங்கினாயா?"
"தள்ளுபடியில்" என்றாள், வேறெங்கோ பார்த்தபடி.

எதிர்முனையை அவள் முறுக்கினாள்,
நேர்முனையை நான்.
ஸ்பேனர் ஒன்றுதான், கை மாற்றிக்கொண்டோம்.

நிலம் இன்னும் விற்கவில்லை.
விற்காது என்றும் சொல்ல முடியாது.

மோட்டார் கிளம்பியது காதுக்குத் தெரியவில்லை.
படகுத்துறைதான்
மெல்லப் பின்னால் போய்க்கொண்டிருந்தது.